தேய்ந்த மூட்டும் திட்டமிட்ட பொருளாதாரமும்: கிழக்கு ஜேர்மன் மோட்டார் வண்டிகள் பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டிற் கண்டுபிடித்தார், யாருடைய உரிமம் முந்தியது என்பனவே அதன் வழமையான வினாக்கள். கண்டுபிடிக்கப்பட்ட பொருள் மக்கள் கைக்கு வந்தபின் எவ்வாறு பழுதடைந்தது, அதனைத் திருத்தியவர் யார், திருத்துவதற்கு வேண்டிய உறுப்பு எங்கிருந்து வந்தது என்பன வரலாற்றாசிரியரின் கவனத்தை நெடுங்காலம் ஈர்க்கவில்லை. பிரித்தானிய வரலாற்றாசிரியரான டேவிட் எட்ஜெட்டன் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்குறையைச் சுட்டிக்காட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொழினுட்ப வரலாற்றைப் பயன்பாட்டின் வரலாறாகவும் பராமரிப்பின் வரலாறாகவும் எழுதவேண்டுமென வாதிட்டார். அவ்வாறு எழுதப் புகுவோர்க்கு, 1949 முதல் 1990 வரை நிலவிய ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு, அதாவது வழக்கிற் கிழக்கு ஜேர்மனி எனப்பட்ட நாடு, மிகப் பயனுள்ள களமாகும். அங்கே புதிய மோட்டார் வண்டியொன்றைப் பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்ற வண்டியை ஓடவைத்துக்கொண்டிருப்பதோ அதனினும் நீண்ட போராட்டமாயிருந்தது. அப்போராட்டத்தை, அவ்வண்டிகளின் முன்சில்லுகளுக்கருகே வெளியிற் புலனாகாது சுழன்ற ஒரு சிறு உறுப்பின் துணைகொண்டு நோக்கலாம். சமவேக மூட்டு என்பது அவ்வுறுப்பின் பெயர்.

மோட்டார் வண்டியின் இயந்திரம் பின்சில்லுகளைச் சுழற்றுமாயின் சிக்கல் பெரிதன்று. பின்சில்லுகள் இடம் வலமாகத் திரும்புவதில்லை. முன்சில்லுகளைச் சுழற்றும் வண்டியிலோ ஒரே சில்லு மூன்று தொழில்களைச் செய்யவேண்டியுள்ளது. அது சுழல வேண்டும்; வீதியின் மேடு பள்ளங்களுக்கேற்ப மேலுங் கீழும் அசைய வேண்டும்; திருப்பங்களில் இருபுறமும் திரும்பவும் வேண்டும். ஆகவே பற்சில்லுப் பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்லும் சுழல்தண்டு, மடிந்த நிலையிலும் சுழல வல்லதாயிருத்தல் அவசியம். மடிந்து சுழலும் மூட்டு ஐரோப்பாவுக்குப் புதியதொன்றன்று. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஜெரோலமோ கார்டானோவின் பெயரால் ஒருசாராரும், பதினேழாம் நூற்றாண்டில் அதனை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் றொபேட் ஹூக்கின் பெயரால் மற்றொரு சாராரும் அதனை அழைத்து வந்துள்ளனர். சிலுவை வடிவான துண்டொன்றின் நான்கு முனைகளில் இரு தண்டுகளையும் பொருத்துவதே அம்மூட்டின் அமைப்பாகும். ஆனால் அதற்கொரு பிறவிக் குறையுண்டு. ஒரு தண்டு சீரான வேகத்திற் சுழன்றாலும், மடிந்திருக்கும் மற்றைய தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாமதித்துஞ் சுழலும். இரு தண்டுகளும் 30 பாகைக் கோணத்தில் மடிந்திருப்பின் இரண்டாந் தண்டின் வேகம் முதலாவதைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் கூடியும் மாறிமாறி அமையும். பின்சில்லு வண்டிகளில் மடிவு சிறிதாகையால் இக்குறை உணரப்படுவதில்லை. முன்சில்லு வண்டியைத் திருப்பத்தில் ஒடிக்கும்போதோ சில்லு குலுங்கும். அக்குலுக்கம் சாரதியின் கையிலுள்ள ஸ்ரியரிங் வரை ஏறிவரும்.

இக்குறையைத் தீர்க்கும் வழி கேத்திரகணிதத்தில் இருந்தது. இரு தண்டுகளுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் வைத்தே விசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுமாயின், இரண்டும் எக்கணத்திலும் ஒரே வேகத்திற் சுழலும். இத்தத்துவத்தை உருக்கில் வடித்தெடுப்பதற்குப் பலர் முயன்றனர். பிரான்சிலே ஷான் அல்பேர் கிரெகுவாரும் பியேர் பெனாயும் 1926ஆம் ஆண்டளவில் திறாக்டா எனும் மூட்டை உருவாக்கித் தமது முன்சில்லு வண்டிகளைப் பந்தயங்களிலும் ஓட்டிக் காட்டினர். போர்ட் நிறுவனத்தில் பொறியியலாளராயிருந்த அல்பிரட் றெஸெப்பா, 1920களின் இறுதியிலே, இன்றும் பெருவழக்கிலுள்ள வடிவத்துக்கு உரிமம் பெற்றார். கிண்ணம் போன்ற வெளிக்கூடு, அதனுள்ளே குமிழ் போன்ற உட்பகுதி, இரண்டிலும் வெட்டப்பட்ட வளைந்த தவாளிப்புகள், அத்தவாளிப்புகளில் உருளும் ஆறு உருக்குக் குண்டுகள், அக்குண்டுகளை மேற்கூறிய சரிபாதித் தளத்திற் பிடித்துவைக்கும் ஒரு வளையம் என்பனவே அதன் உறுப்புக்கள். சொல்வதற்கு எளிதெனினும் செய்வதற்கு அரிது. கடினமாக்கப்பட்ட உருக்கில் நுண்ணிய அளவுக்குத் தவாளிப்புகளைத் தீட்டவல்ல பொறிகள் இன்றி அதனைச் செய்தல் இயலாது. பிரான்சின் சித்றோயன் நிறுவனம் 1934ஆம் ஆண்டில் தனது புகழ்பெற்ற முன்சில்லு வண்டியை அவசரப்பட்டுச் சந்தைக்கு விட்டபோது அதனைத் தொடக்கத்தில் அலைக்கழித்த கோளாறுகளுள் சுழல்தண்டு மூட்டுக்களின் கோளாறும் ஒன்று. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் முறிந்தது. நிறுவுநர் அந்திரே சித்றோயன் அடுத்த ஆண்டிற் காலமானார். மூட்டொன்றுதான் அதற்குக் காரணமென்பது மிகையாகும். எனினும் முன்சில்லு வண்டியின் விதி இம்மூட்டிலே தங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. இரண்டாம் உலகப்போரிலே ஜீப் வண்டிகளின் முன்னச்சுக்காக இத்தகைய மூட்டுக்கள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. 1959ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வண்டியோடு றெஸெப்பா மூட்டு சாதாரண மக்களின் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

இம்மூட்டு தேய்வது எவ்வாறு என்பதையும் அறிந்தாலன்றிப் பின்னர் கூறவிருப்பது விளங்காது. எண்ணெய்க் கசிவின்றி, தூசு புகாமல் இருக்குமாயின் மூட்டு வண்டியின் ஆயுட்காலம் முழுவதும் நிலைக்கும். அதனைக் காப்பது விசிறிமடிப்புள்ள ஓர் இறப்பர் உறை. அவ்வுறை வெயிலிலும் குளிரிலும் வெடித்துக் கிழிந்தவுடன், உள்ளிருக்கும் கிறீஸ் சுழற்சியின் வேகத்தால் வெளியே வீசப்படுகிறது. அதன் இடத்தை மணலும் நீரும் பிடித்துக்கொள்கின்றன. குண்டுகள் ஓடும் தவாளிப்பிலே முதலிற் கீறல்களும் பின்னர் குழிகளும் தோன்றும். வண்டியை முற்றாக ஒடித்துத் திருப்பும்போது சில்லடியிலிருந்து ‘டக், டக்’ எனும் ஓசை எழும். அனுபவமுள்ள திருத்துநர்க்கு வேறு சோதனை தேவையில்லை.

புதிய மூட்டு கிடைக்குமிடத்துத் திருத்தம் அரைநாள் வேலையாகும். நடுத்தண்டின் பெரிய சுரையைக் கழற்றி, சில்லைத் தாங்கும் பகுதியை விடுவித்து, தண்டை வெளியே இழுத்து, பழைய மூட்டைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளேயுள்ள கம்பி வளையம் விட்டுக்கொடுக்கும், மூட்டு கழன்றுவிடும். புதியது அதேபோல ஏறும். புதியது கிடைக்காவிடத்துச் செய்யப்படுவதே சுவையானது. மூட்டை மண்ணெண்ணெயிற் கழுவி, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தவாளிப்புகளை விரல்நகத்தால் தடவிப் பார்த்தல் வேண்டும். முன்னோக்கி ஓடும் வண்டியில் விசையானது எப்போதும் தவாளிப்பின் ஒரு பக்கச் சுவரையே அழுத்துவதால், மறுபக்கச் சுவர் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். இரு பக்கத்துத் தண்டுகளும் ஒத்த வடிவினவாயின், இடப்பக்கத்து மூட்டை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்துக்கும் மாற்றிப் பூட்டும்போது, இதுவரை உழைக்காத சுவர் உழைக்கத் தொடங்கும். புதிய கிறீஸையும் கிழியாத உறையையும் இட்டால் அம்மூட்டு மேலும் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடக்கூடும். எந்தத் தொழிற்சாலையும் கற்பிக்காத இவ்வுத்தி, உதிரிப்பாகம் கிடையாத நாடுகளின் திருத்தகங்களிலும், பழைய வண்டிகளைப் பேணுவோரிடத்தும் வழங்கி வருகின்றது.

இனி ஸ்விக்காவ் நகருக்கு வருவோம். சக்சனி மாநிலத்தின் இந்நகரே ஓடி, ஹோர்க் எனும் பெயர்பெற்ற வண்டிகளின் பிறப்பிடமாகும். மலிவான முன்சில்லு வண்டியின் வரலாற்றிலும் அதற்கு முதன்மையான இடமுண்டு. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த டி.கே.டபிள்யூ. எவ். 1 எனும் சிறிய வண்டி இங்கேயே தயாரானது. போரின் முடிவில் நகரம் சோவியத் ஆக்கிரமிப்பு வலயத்துள் அமைந்தது. தொழிற்சாலைகளின் பொறிகள் போரிழப்பீடாகக் கழற்றிச் செல்லப்பட்டன. எஞ்சியவற்றைக் கொண்டு அரச நிறுவனமாக மீண்டும் எழுந்த அத்தொழிற்சாலை, போருக்கு முந்திய முன்சில்லு மரபையும் இரட்டை வீச்சு இயந்திரத்தையும் தொடர்ந்து கைக்கொண்டது. 1957ஆம் ஆண்டில் ட்றபான்ட் பிறந்தது. மேற்கு நாடுகளின் தடைகளால் உருக்குத் தகடு அரிதாயிருந்தமையின், பருத்திக் கழிவையும் செயற்கைப் பிசினையும் அழுத்திச் செய்த பலகைகளால் அதன் உடல் போர்க்கப்பட்டது. 1964இல் வந்த 601 எனும் மாதிரி, சிறுசிறு மாற்றங்களுடன் 1990 வரை உற்பத்தியிலிருந்தது. ஐசனாக் நகரிலே வார்ட்பூர்க் எனும் சற்றுப் பெரிய வண்டி தயாரானது. இரண்டும் முன்சில்லு வண்டிகளே.

ட்றபான்ட் பற்றிய நகைச்சுவைகளுக்குக் குறைவில்லை. நகைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்வண்டி பழையதாகவே இருந்தமைக்கு அதன் பொறியியலாளர் காரணரல்லர். 1960களின் நடுப்பகுதியிலேயே பி. 603 எனும் நவீன மாதிரியை அவர்கள் உருவாக்கியிருந்தனர். 1968இல் அது கைவிடப்பட்டது. செக்கோசிலோவாக்கியாவுடன் இணைந்து வகுக்கப்பட்ட திட்டமும் அவ்வாறே முடிந்தது. அதன் பின்னர் வந்த பி. 610 எனும் மாதிரி 1979ஆம் ஆண்டில், கட்சியின் அரசியற் குழு மட்டத்தில், நிறுத்தப்பட்டது. பொருளாதாரத்தை வழிநடத்திய கியூந்தர் மிட்டாக் போன்றோர்க்குத் தனியார் மோட்டார் வண்டி ஒருபோதும் முதலிடம் பெறத்தக்க விடயமாயிருக்கவில்லை. இதிலே ஒரு நியாயமும் இல்லாமலில்லை. வீடமைப்பும் பொதுப் போக்குவரத்தும் வண்டியினும் முக்கியமானவை என்று கருதும் அரசைக் குறைகூற முடியாது. ஆனால் அவ்வரசு வண்டிகளை உற்பத்தி செய்யாது விடவுமில்லை. முப்பது இலட்சம் அளவிலான ட்றபான்ட் வண்டிகளை உற்பத்தி செய்து மக்களிடம் கொடுத்துவிட்டு, அவை தேயும் என்ற எளிய உண்மையைத் திட்டத்தில் உரியவாறு சேர்த்துக்கொள்ளாமை அதன் குறையாகும்.

திட்டமிட்ட பொருளாதாரத்தில் ஒரு தொழிற்சாலையின் வெற்றி, திட்டத்திற் குறிக்கப்பட்ட இலக்கை எட்டுவதால் அளக்கப்பட்டது. முழு வண்டி ஒன்று வெளியேறினால் அது ஒன்று என எண்ணப்படும். அரசியல் மேடையிலும் எடுத்துக் கூறப்படும். அதே பொறியில் அதே தொழிலாளி செய்த மூட்டொன்று ஏதோவொரு சிற்றூரின் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் அதனை எவரும் கொண்டாடுவதில்லை. எனவே உறுப்புக்கள் புதிய வண்டிகளை நோக்கியே ஈர்க்கப்பட்டன. புதிய வண்டிகளைப் பெறும் காத்திருப்பு நீண்டதால் பழைய வண்டிகள் வீதியைவிட்டு நீங்கவில்லை. பழைய வண்டிகள் நீங்காமையால் உதிரிப்பாகங்களின் தேவை ஆண்டுதோறும் ஏறியது. இருபது ஆண்டுகள் ஓடிய வண்டி அங்கே வியப்புக்குரியதன்று. ஓடிய வண்டியின் விலை புதியதன் விலையை விஞ்சிய விந்தையும் அங்கே நிகழ்ந்தது. கையில் உடனே கிடைப்பதற்கு மக்கள் கொடுத்த மதிப்பு அது.

ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், பற்றாக்குறையானது சோசலிசப் பொருளாதாரங்களின் தற்செயலான கோளாறன்று, அவற்றின் அமைப்பிலிருந்தே பிறப்பது எனக் காட்டினார். பொருள் நாளை கிடையாது என அஞ்சும் நிறுவனம் இன்றே தேவைக்கு மேலாகச் சேர்த்துவைக்கும்; சேர்த்துவைப்பதாற் பற்றாக்குறை மேலும் வளரும் என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. நிறுவனங்களுக்குக் கூறியது கிழக்கு ஜேர்மன் வீட்டுக் கொட்டகைகளுக்கும் பொருந்தும். கடையில் எந்த உறுப்பு வந்தாலும், அது தமது வண்டிக்கு இன்று தேவையோ இல்லையோ, மக்கள் அதனை வாங்கி வைத்தனர். இறப்பர் உறையை வைத்திருப்பவர் தடுப்புக் கட்டையை வைத்திருப்பவரைத் தேடினார். கடைக்காரர் மேசைக்கு மேலே வைக்காமல் கீழே ஒளித்துவைத்துத் தெரிந்தவர்க்குக் குனிந்து எடுத்துக் கொடுக்கும் சரக்குக்கு ‘குனிந்தெடுக்கும் பண்டம்’ எனும் பொருளில் ஜேர்மன் மொழியில் ஒரு தனிச்சொல்லே வழங்கியது. தொடர்பு எனும் பொருள்தரும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘பி உயிர்ச்சத்து’ என்று மக்கள் கேலியாகக் கூறியதும் இதனையே. உடம்புக்கு உயிர்ச்சத்துப்போல வண்டிக்கு அறிமுகம் அவசியமாயிருந்தது.

அரசு முற்றாகக் கைகட்டி இருந்ததென எண்ணுதல் தவறு. தேய்ந்த உறுப்பைக் கொடுத்துப் புதுப்பிக்கப்பட்ட உறுப்பைப் பெறும் பரிமாற்ற முறையொன்று நாடெங்கும் நடைமுறையிலிருந்தது. பொருளைக் கழிப்பதன்றி மீட்பதை முறையாக்கிய அவ்வேற்பாடு, இன்றைய சூழலியல் நோக்கில் முன்னோடியானது என்று கூறத்தக்கது. வண்டியும் அதற்கு ஒத்துழைத்தது. எளிய கருவிகளோடு வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டத்தக்கதாக ட்றபான்ட் அமைந்திருந்தது. ‘எனக்கு நானே உதவுவது எப்படி’ எனும் தலைப்பில் அரச பதிப்பகம் வெளியிட்ட திருத்தக் கைநூல்கள் பல பதிப்புக்களைக் கண்டன. குடிமகனுக்கு யாவற்றையும் வழங்குவதாக உறுதியளித்த அரசு, உனக்கு நீயே உதவிக்கொள் என்று நூல் வெளியிட நேர்ந்ததை எண்ணும்போது முறுவலை அடக்குதல் கடினம்.

தாமே உதவிக்கொள்ள இயலாதவர் அரசுக்கு எழுதினர். வரலாற்று மாணவருக்கு இதுவே விலைமதிப்பற்ற சான்றாதாரமாகும். கிழக்கு ஜேர்மனியில் எந்தக் குடிமகனும் எந்த அதிகாரிக்கும், அரசுத் தலைவர் ஈறாக, மனுச் செய்யலாம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு வாரங்களுள் விடை கொடுக்கப்படல் வேண்டும். தேர்தலிலே தெரிவு இல்லாத நாட்டில், சுதந்திரமான பத்திரிகை இல்லாத நாட்டில், மக்கள் குரல் பதிவான இடங்களுள் இம்மனுக்கள் முதன்மையானவை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜொனதன் சற்லின், மோட்டார் வண்டிகள் தொடர்பான மனுக்களை ஆவணக் காப்பகங்களில் ஆராய்ந்து, அவற்றினூடாக அவ்வரசின் வீழ்ச்சிக்கான காரணங்களையே துருவிப் பார்த்துள்ளார். காத்திருப்பும் உதிரிப்பாகமும் அம்மனுக்களின் தீராப் பொருள்களாயின. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் முதலாளித்துவத்தைக் கோரியவர்களல்லர். நீங்கள் வாக்களித்ததைத் தாருங்கள் என்பதே அவர்களது கோரிக்கை. அரசின் சொந்த மொழியையே எடுத்து அரசிடம் திருப்பிக் கேட்டமையால் அம்மனுக்களுக்கு விடை கூறுவது கடினமாயிருந்தது.

சமத்துவத்தை உண்மையில் அரித்தது பற்றாக்குறை அன்று. பற்றாக்குறையைக் கடக்கச் சிலருக்கு மாத்திரம் இருந்த வழியே அதனை அரித்தது. 1974ஆம் ஆண்டு முதல் மேற்கு ஜேர்மன் மார்க்கைக் குடிமக்கள் வைத்திருப்பது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. மேற்கில் உறவினர் உள்ளோர்க்கு ஜெனெக்ஸ் எனும் அரச நிறுவனத்தின் மூலமாக, மேற்குப் பணம் செலுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ கிழக்கு ஜேர்மன் வண்டியே வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தொழிலாளி அதே வண்டிக்குப் பன்னிரண்டாம் ஆண்டாகக் காத்திருந்தார். திருத்துநரும் மேற்குப் பணத்தையே விரும்பலாயினர். நூறு மார்க் நோட்டின் நீல நிறத்தைக் கொண்டு அதற்கு ‘நீல ஓடு’ எனப் பெயரிட்டு, அச்சொல்லைப் பத்திரிகை விளம்பரங்களிலும் மறைபொருளாக எழுதினர். உழைப்பாளரின் அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட நாட்டில் உழைப்பின் பயன் மேற்கில் மாமன் இருப்பதிலே தங்கியிருந்தமை, எந்த எதிரியின் பிரசாரத்தையும்விடக் கூர்மையான விமர்சனமாயிற்று.

இத்தகைய நிலைமைகள் இலங்கை வாசகருக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. 1970ஆம் ஆண்டிலே கிழக்கு ஜேர்மனியை இலங்கை அங்கீகரித்தது. அதனைத் தொடர்ந்த ஏழாண்டுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வரிசைகளும் முதியோரின் நினைவில் உள்ளன. 1990 முதல் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தவர், ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்கொடுத்துப் பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டதும் பலர் அறிந்ததே. ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் கூடாது. யாழ்ப்பாணத்து அருமை போரும் தடையும் விளைத்த அருமை. அங்கே குண்டும் விழுந்தது. ஸ்விக்காவின் அருமை அமைதிக்காலத்தில், தொழிற்சாலையின் வாயிலிலேயே, அத்தொழிற்சாலையை நடத்தியோரின் கணக்கேட்டிற் பிறந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் கருதலாம். யாழ்ப்பாணத்து வண்டிகள் பின்சில்லு வண்டிகள். அவற்றின் மூட்டு ஹூக்கின் மூட்டு. அதன் சிலுவைத் துண்டைக் கடைசற் பொறியும் உலையும் உள்ள பட்டறையிலே செய்துகொள்ளுதல் கூடும். சமவேக மூட்டின் தவாளிப்பை எந்தப் பட்டறையும் தீட்ட முடியாது. நுண்மை மிகுந்த உறுப்பு, தன்னைச் செய்யும் தொழிற்சாலையோடு பயனாளியைப் பிணைத்துவிடுகின்றது.

அப்பிணைப்பைக் கிழக்கு ஜேர்மன் அரசும் உணரவேண்டி வந்தது. 1978ஆம் ஆண்டளவில் மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏறத்தாழ 10,000 வொல்க்ஸ்வாகன் கோல்ப் வண்டிகள் தருவிக்கப்பட்டன. அவற்றின் விலை பணமாக அன்றிப் பெருமளவு பண்டமாகச் செலுத்தப்பட்டது. வொல்ப்ஸ்பேர்க் நகரத்துக் கோளரங்கத்தின் கருவி யேனாவின் சயிஸ் தொழிற்சாலையிலிருந்து வந்தமை இப்பண்டமாற்றின் விளைவேயாகும். வானத்தைக் காட்டும் கருவியைக் கொடுத்து வீதியில் ஓடும் வண்டியைப் பெற்றார்கள். ஆனால் அவ்வண்டிகளின் சமவேக மூட்டுக்களும் ஒருநாள் தேயும். அப்போது எதைக் கொடுப்பது? வெளிநாட்டுச் செலாவணியைக் கொண்டு உதிரிப்பாகம் வாங்குவது, கடனிலே அமிழ்ந்துகொண்டிருந்த நாட்டுக்கு இலகுவானதன்று.

அதே 1978ஆம் ஆண்டிற் சித்றோயன் நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஸ்விக்காவின் புறநகரான மோசலில் சமவேக மூட்டுக்களையும் சுழல்தண்டுகளையும் செய்யும் நவீன தொழிற்சாலையைப் பிரெஞ்சுக்காரர் அமைத்துக் கொடுப்பர். அதற்கான விலையின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையின் உற்பத்தியைக் கொண்டே கிழக்கு ஜேர்மனி செலுத்தும். 1934ஆம் ஆண்டில் மூட்டால் அல்லலுற்ற நிறுவனம், முன்சில்லு வண்டியின் பிறப்பிடங்களுள் ஒன்றான நகருக்கு மூட்டுச் செய்யும் கலையைக் கொண்டுவந்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. இத்தகைய ஒப்பந்தங்கள் அக்காலத்திற் பல. சித்றோயன் ருமேனியாவிலும் வண்டித் தொழிற்சாலையொன்றை நிறுவப் பங்காளியாயிற்று. மோசல் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. ஆனால் அம்மூட்டுக்களைத் தாங்கி ஓடியிருக்கவேண்டிய புதிய வண்டியாகிய பி. 610, தொழிற்சாலை எழும்புவதற்கிடையிலேயே அரசியற் குழுவால் நிறுத்தப்பட்டுவிட்டது. வண்டி இல்லை, வண்டிக்கான மூட்டு இருந்தது. நவீன மூட்டுக்கள் இருபதாண்டு பழைய வடிவமுள்ள வண்டிகளிற் பூட்டப்பட்டன. மற்றொரு பங்கு கடன் தீர்க்கும் பண்டமாக மேற்கே சென்றது. பிரெஞ்சு வீதிகளில் ஓடிய சித்றோயன் வண்டிகள் சிலவற்றின் முன்சில்லுகளைச் சக்சனித் தொழிலாளர் செய்த மூட்டுக்கள் சுழற்றிக்கொண்டிருக்க, அத்தொழிலாளரோ தமது வண்டிக்கு உதிரிப்பாகம் தேடி அயலூரெங்கும் அலையவேண்டியிருந்தது.

இதனைச் சோசலிசத்தின் தோல்வி என ஒரு சொல்லில் முடிப்போர் உளர். அது அவசரமான முடிபு. ஏற்றுமதியை நம்பிக் கடன்பட்ட எந்த நாட்டிலும், தேயிலையோ மூட்டோ, முதற்றரமானது கப்பலேறுவதும் எஞ்சியது உள்ளூருக்கு வருவதும் வழமையே. கிழக்கு ஜேர்மனியின் தனித்தன்மை வேறு. உற்பத்திக் கருவிகள் உழைப்போருக்கே சொந்தம் என்று அங்கே சட்டம் கூறியது. ஆகவே தொழிலாளி கைவெறுமையாய்த் திரும்பியபோது அவர் முதலாளியை நோக முடியாது. தமக்குச் சொந்தமானது எனப்பட்ட அரசையே நொந்துகொண்டார். கொர்னாயின் கோட்பாடு பற்றாக்குறை ஏன் பிறந்தது என்பதை விளக்குகின்றது. அது ஏன் அத்துணை மனக்கசப்பாக மாறியது என்பதை மனுக்களே விளக்குகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1984ஆம் ஆண்டில் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தோடு இயந்திரங்களுக்காகவும் இதனையொத்த ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1988இல் வார்ட்பூர்க்கும் 1990இல் ட்றபான்டும் நால்வீச்சு இயந்திரம் பெற்றன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1989 நவம்பர் 9ஆந் திகதி பேர்ளின் மதில் திறந்தபோது மேற்கே ஊர்ந்த ட்றபான்ட் வரிசைகளை உலகமே கண்டது. 1990 யூலையில் மேற்கு மார்க் கிழக்கின் நாணயமானது. பன்னிரண்டாண்டு காத்திருந்து பெறப்பட்ட வண்டிகள் தெருவோரங்களிற் கைவிடப்பட்டன. ஒரு கோடைக்காலத்துள் உதிரிப்பாகப் பற்றாக்குறை மறைந்தது, ஏனெனில் ஒவ்வொரு கைவிடப்பட்ட வண்டியும் உதிரிப்பாகக் களஞ்சியமாயிற்று. 1991 ஏப்ரல் 30ஆந் திகதி இறுதி ட்றபான்ட் வெளியேறியது. கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த உறுப்புக்களைப் பலர் வீசியெறிந்தனர். வீசாதவரே பின்னர் பயனடைந்தனர். அவ்வண்டிகள் இன்று விரும்பிப் பேணப்படும் பழம்பொருள்களாகிவிட்டமையின், பழைய பொதியிற் கிறீஸ் காயாது கிடந்த மூட்டுக்குத் தனி மதிப்புண்டு.

மோசலின் கதை ட்றபான்டோடு முடியவில்லை. வொல்க்ஸ்வாகன் அங்கேயே தன் பெருந்தொழிற்சாலையை நிறுவியது. மூட்டுத் தொழிற்சாலை பிரித்தானிய ஜி.கே.என். குழுமத்தின் கைக்குச் சென்றது. மினி வண்டிக்கு மூட்டுச் செய்து கொடுத்த நிறுவனத்தை 1966இல் வாங்கியிருந்த குழுமம் அதுவே. 2020 முதல் வொல்க்ஸ்வாகனின் அத்தொழிற்சாலை மின்வண்டிகளை மாத்திரமே செய்யத் தொடங்கியது. இயந்திரமும் பெற்றோலும் நீங்கிய வண்டியிலும் சமவேக மூட்டு நீங்கவில்லை. மின்சாரம் சுழற்றினாலும் சில்லு மேலுங் கீழும் அசையவே வேண்டும். ஆயினும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூட்டுத் தொழிற்சாலையை மூடும் முடிவு அதன் தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அங்கே பணியாற்றியோர் எண்ணூறுக்கு மேற்பட்டோர். இம்முறை காரணமாகக் கூறப்பட்டது திட்டமன்று, செலவு.